இருவரும் பிரைம் கட்டி நிற்கும்போது எந்தக் காயை நகர்த்துவது?

கேள்வி: "பேக்கமன் ஆட்டத்தில் நானும் எதிராளியும் ஆளுக்கு ஐந்து கட்டம் தொடர்ச்சியாகப் பிடித்து பிரைம் என்னும் தடுப்புச் சுவர் கட்டிவிட்டோம். இருவருக்கும் இரண்டிரண்டு காய் அடுத்தவர் சுவருக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. எனக்கு 3-1 விழுந்தது. எதற்கு வம்பு என்று 10-இல் இருந்த காயை 6-க்கு இறக்கிவிட்டேன். சரியான ஆட்டமா?"

பத்திரமான ஆட்டம், ஆனால் நான் ஆடமாட்டேன். இந்த மாதிரி நிலையில் எந்தக் காய் வெட்டுப்படும் என்று பார்ப்பதற்கு முன்னால் யாருடைய சுவர் முதலில் உடையும் என்று எண்ண வேண்டும். அந்தக் கணக்கைப் போட்ட பிறகு, அதே 3-1 ஒரு பலகையில் ஒரு மாதிரியும் இன்னொரு பலகையில் வேறு மாதிரியும் ஆடப்படும். இரண்டையும் காட்டுகிறேன்.

மற்றவர்களுக்காக உங்கள் நிலையை எழுதிவிடுகிறேன். உங்கள் பக்கத்திலிருந்து எண்ணினால் 4, 5, 6, 7, 8 ஆகிய கட்டங்களில் இரண்டிரண்டு காய். 13-இல் இரண்டு, 10-இல் ஒன்று. மாட்டிக்கொண்ட இரண்டும் 23-இல், அதாவது எதிராளியின் இரண்டாம் கட்டத்தில். அவருக்கும் அவர் பக்கத்திலிருந்து 4 முதல் 8 வரை இரண்டிரண்டு, 11-இல் இரண்டு, 10-இல் ஒன்று. அவருடைய பின்காய்கள் இரண்டும் உங்கள் முதல் கட்டத்தில்.

முதல் கணக்கு: சுவரைத் தொடாமல் யார் எத்தனை பிப், அதாவது எத்தனை கட்டம், நகர்த்த முடியும்? உங்களிடம் உபரிக் காய் மூன்று. 13-இல் இருப்பவை 3-க்கு இறங்க ஆளுக்குப் பத்து, 10-இல் இருப்பது இறங்க ஏழு. மொத்தம் 27. அவருக்கு எட்டும் எட்டும் ஏழும், 23. இரட்டை விழுவதையும் சேர்த்தால் ஒரு வீச்சின் சராசரி 8-க்குக் கொஞ்சம் மேல். ஆக, இரண்டு பேருக்கும் ஏறக்குறைய மூன்று வீச்சு அவகாசம். பின்காய்களை ஒன்றிரண்டு கட்டம் அசைத்து இன்னும் கொஞ்சம் இழுக்கலாம், அவ்வளவுதான். எல்லாக் காயையும் வெளியே எடுக்கத் தேவையான மொத்த பிப் கணக்கிலும் நீங்கள் 142, அவர் 140. எல்லாம் சமம்.

அவகாசம் சமமாக இருக்கும்போது, சுவரின் விளிம்பில் முதலில் போய் நிற்பவருக்குத்தான் லாபம். அவருடைய சுவர் அவருடைய 4-இல் தொடங்குகிறது. அதற்கு ஒட்டி முன்னால் இருப்பது அவருடைய 3, உங்களுக்கு 22. அங்கே நின்றால் ஓர் ஆறு விழுந்தால் போதும், 16-க்குத் தாண்டிவிடலாம். 36 வீச்சில் 11-இல் ஆறு வரும். இப்போது நிற்கும் 23-இலிருந்து ஒரே வீச்சில் தாண்ட 6-1 மட்டும்தான் உண்டு, 36-இல் 2. ஒரே ஒரு கட்டம் முன்னால் நகர்வதற்கு இவ்வளவு விலை. உங்களுக்கு இருக்கும் மூன்று வீச்சுக்குள் ஒரு முறையாவது ஆறு விழும் வாய்ப்பு மூன்றில் இரண்டு பங்கு. அதனால்தான் அந்த 1-ஐ 23/22 என்று, அதாவது 23-இலிருந்து 22-க்கு, ஆடச் சொல்கிறேன்.

"இரண்டு காயும் தனித்தனியாக நிற்குமே, வெட்ட மாட்டாரா?" என்பீர்கள். வெட்டலாம். ஆனால் எதை வைத்து என்று பாருங்கள். சுவரில் இருக்கும் காயைக் கொண்டு வெட்டினால் சுவர் உடைகிறது. உபரிக் காயைக் கொண்டு 22-இல் வெட்ட 7 அல்லது 8 வேண்டும். வெட்டினாலும் உங்களுக்கு நஷ்டம் மூன்றே பிப், அதுவும் உங்கள் சுவருக்குக் கூடுதல் அவகாசமாகக் கைக்கு வருகிறது. அவர் வீட்டில், அதாவது அவருடைய முதல் ஆறு கட்டங்களில், மூடியிருப்பது 4, 5, 6 மட்டும். 36-இல் 27 வீச்சில் நீங்கள் உள்ளே வந்துவிடுவீர்கள். வெட்டிய காய் 3-இல் தனியாக நின்றால், உங்களுக்கு விழும் ஒவ்வொரு மூன்றும் அதைத் திருப்பி வெட்டும். அப்போது உங்கள் சுவருக்குப் பின்னால் அவருக்கு மூன்றாவது கைதி. தாயம் ஆடி வளர்ந்த நமக்கு வெட்டு என்றாலே வயிற்றைக் கலக்கும், ஏனென்றால் அங்கே ஒரு சுற்றே வீணாகும். இங்கே பின்காய் வெட்டுப்படுவது அந்த அளவுக்குப் பெரிய விஷயமில்லை.

மீதி 3? 13/10. உங்கள் 13-இல் தனித்து நிற்கும் காயை அவர் எட்டவே முடியாது. அவருடைய உபரிக் காய்கள் அந்த இடத்தைத் தாண்டிவிட்டன, பின்காய்கள் உங்கள் சுவருக்குள் இருக்கின்றன. தைரியமாக விடுங்கள். அவசரத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. அவருக்கு 2-1 விழுந்தால் 11-இலிருந்தும் 10-இலிருந்தும் இறங்கி 9-ஐப் பிடித்து ஆறு கட்டச் சுவராக்கிவிடுவார். அதற்குப் பிறகு விளிம்பில் நின்றாலும் ஆறு பலிக்காது. வாசல் திறந்திருக்கும்போதே வாசற்படிக்குப் போய்விட வேண்டும்.

நீங்கள் ஆடிய 10/6-இன் குறை என்னவென்றால், அது நான்கு பிப் அவகாசத்தைச் செலவழித்துவிட்டு எதையும் வாங்கவில்லை. விளிம்பும் கிடைக்கவில்லை, சுவரும் நீளவில்லை.

சரி, இப்போது இரண்டாவது பலகை. எங்கள் மலேசிய ஊரான சுங்கை சிப்புட்டில் டாம் (செக்கர்ஸ்) ஆடுபவர்கள் எந்தக் கடை ஓரத்திலும் கிடைப்பார்கள். பேக்கமனுக்கு ஒரு மேசைதான், அதுவும் ஒரு மோட்டார் பட்டறையின் பின்புறத்தில். எனக்கு எதிரே உட்காருபவர் பால்மரத் தோட்டத்தில் கிராணியாக (எழுத்தராக) இருந்து ஓய்வு பெற்றவர். நான் மாமா என்று கூப்பிடுவேன். நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் எண்ணிக்கையில் முந்துவதில் அவருக்கு ஒரு தனிச் சந்தோஷம்.

அன்றைக்கு என் காய்கள் அச்சு அசல் உங்கள் நிலை மாதிரியே இருந்தன. அவருடைய சுவரும் அதே 4 முதல் 8 வரை, பின்காய்கள் அதே என் முதல் கட்டத்தில். உபரிக் காய்கள் மட்டும் வேறு. இரண்டு அவருடைய முதல் கட்டத்தில் போய்ப் படுத்துவிட்டன, ஒன்று 10-இல். அவர் 120, நான் 142.

"இருபத்திரண்டு முன்னால இருக்கேன் தம்பி" என்றார், தே ஓ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு.

அந்த இருபத்திரண்டுதான் அவருக்கு வந்த நோய். முதல் கட்டத்தில் இருக்கும் இரண்டு காயும் இனி எதற்கும் உதவாது, கடைசியில் வெளியே எடுக்கும் வரை அசையவும் அசையாது. சுவரைத் தொடாமல் நகர்த்த அவரிடம் மிச்சம் 10-இல் இருக்கும் ஒற்றைக் காய்தான். அது 3-க்கு இறங்க ஏழு பிப், முதல் கட்டம் வரை தள்ளினாலும் ஒன்பது. ஒரு வீச்சுக்குப் பக்கம். என்னிடம் 27.

எனக்கு 3-1 விழுந்தது. இங்கே நான் 23/22 ஆடவில்லை. தப்பிக்க எனக்கு ஆறு தேவையில்லை, அவர் சுவர் தானாக உடையப்போகிறது. இந்த நேரத்தில் நான் காயைப் பிரித்து நிறுத்தினால், செய்வதறியாமல் இருப்பவருக்கு வெட்டுவதற்கு ஒரு வேலையை நானே கொடுத்த மாதிரி ஆகும். அதை விட, அவருடைய இரண்டு பின்காயும் வெளியேறும் கடைசி வழியை அடைப்பது மேல். ஆகவே 13/9. இப்போது 13, 10, 9 மூன்றிலும் ஒவ்வொன்று. அடுத்த முறை 1 விழுந்தால் 10-இலிருந்து, 4 விழுந்தால் 13-இலிருந்து, 2-2 விழுந்தாலும் 13-இலிருந்து 9-ஐ மூடலாம். 36-இல் 21 வீச்சு. மூடிவிட்டால் 4 முதல் 9 வரை ஆறு கட்டம், எந்த எண் விழுந்தாலும் தாண்ட முடியாது. அபாயம்? 9-இல் தனியாக நிற்கும் காயை அவர் வெட்ட 6-2 ஒன்றுதான் வழி, 36-இல் 2.

அவருக்கு 5-1 விழுந்தது. ஐந்தை 10-இலிருந்து 5-க்கு, ஒன்றைப் பின்காயில். எனக்கு 4-2: நான்கால் மூடினேன், இரண்டை 10/8 என்று இறக்கினேன். அடுத்து அவருக்கு 6-4. ஆறை எங்கே ஆடுவார்? பின்காய்கள் என் சுவரில் முட்டுகின்றன. 8-இலிருந்து 2-க்கு இறங்க முடியாது, அங்கே என் இரண்டு காய் உட்கார்ந்திருக்கிறது. மிச்சம் 7/1 மட்டும். சுவர் நடுவில் பிளந்தது. "இது என்னடா, கட்டை நம்மளையே அடிக்குது" என்றார் மாமா.

கவனித்தீர்களா, இந்த இரண்டாவது பலகையில் பலித்த 13/9 உங்கள் பலகையிலும் கண்ணைப் பறிக்கும். அங்கேயும் அதே 21 வீச்சு மூடும். ஆனால் மூடிய பிறகு உங்களிடம் உபரி ஒரே காய்தான் மிஞ்சும், அதில் ஏழோ பத்தோ பிப். அவரிடம் இன்னும் இரண்டு மூன்று வீச்சுக்குச் சரக்கு இருக்கும். ஆறு கட்டச் சுவரைக் கட்டிவிட்டு, அதை நீங்களே கையால் பிரிக்க வேண்டி வரும். முழு பிரைம் கட்டியவர் தோற்கும் ஆட்டங்கள் பெரும்பாலும் இப்படித்தான் தோற்கின்றன. என் கணிப்பில் உங்கள் பலகையில் 23/22, 13/10 முதலிடம், 13/9 அதற்கு அடுத்து, 10/6 வெகு தொலைவில்.

ஆறுகளைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. இந்தச் சண்டையில் ஆட முடியாத எண் சில நேரம் வரம். உபரிக் காய்கள் எல்லாம் வீட்டுக்குள் இறங்கிய பிறகு, உங்கள் ஆறு எல்லாப் பக்கமும் அடைபட்டிருந்தால் அதை ஆடவே வேண்டாம், சுவர் பிழைக்கும். மாமாவுக்கு 7/1 திறந்திருந்ததுதான் வினை. அந்த ஏழிலிருந்து இறங்கவும் வழியில்லாமல் போயிருந்தால் அவர் அந்த ஆறை ஆடாமலேயே தப்பித்திருப்பார். அதனால் எதிராளியின் சுவர் உடைய வேண்டுமென்று காத்திருக்கும்போது, அவருடைய பெரிய எண்களுக்கு நீங்கள் தடையாக நிற்கிறீர்களா என்றும் ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள்.

டபுளிங் கியூப் (பந்தயத்தை இரட்டிப்பாக்கக் கேட்கும் கட்டை) வைத்து ஆடுகிறீர்கள் என்றால் முதல் பலகையில் அவசரப்பட வேண்டாம். இரண்டாவதில் 9 மூடிய உடனே நான் கியூபைத் தள்ளுவேன். நான்கில் ஒரு பங்குக்குக் குறைவாக வெல்லும் வாய்ப்பு இருந்தால் எதிராளி ஆட்டத்தை விட்டுவிட வேண்டும் என்பது பணத்துக்கு ஆடும் ஆட்டத்தின் பொதுக் கணக்கு. மாமா அந்த இடத்தில் விடமாட்டார், அது வேறு கதை.

குனூ பேக்கமன் என்ற கணினி நிரல் இலவசமாகவே கிடைக்கிறது, இரண்டு நிலையையும் அதில் அடுக்கிப் பாருங்கள். ஆனால் அது உடனே காட்டும் தீர்ப்போடு நிறுத்தாதீர்கள். பிரைம் சண்டையில் முடிவு பல வீச்சு தள்ளி இருப்பதால், ரோல்அவுட் (அதே நிலையை நிரல் பலமுறை ஆடிப் பார்ப்பது) ஓடவிட்டு அது முடியும் வரை காத்திருங்கள். அப்புறம் 11-இல் இருக்கும் அவருடைய இரண்டு காயை ஒவ்வொன்றாக முதல் கட்டத்துக்கு நகர்த்தி, ஒவ்வொரு முறையும் ரோல்அவுட் ஓடவிடுங்கள். விளிம்புக்குப் போகும் ஆட்டத்திலிருந்து 9-ஐப் பிடிக்கும் ஆட்டத்துக்கு அது எந்த இடத்தில் மாறுகிறது என்று பார்க்கலாம்.