ஹாம்ப்ரோவைப் பற்றிப் பேச எங்கிருந்து தொடங்குவது?

கேள்வி: கல்லூரிக் கருத்தரங்கில் நார்வே அரசியல்வாதி சி. ஜே. ஹாம்ப்ரோ பற்றிப் பத்து நிமிடம் பேச வேண்டும். அவரைப் பத்திரிகையாளர் என்று சொல்வதா, அரசியல்வாதி என்று சொல்வதா? பதவிகளை வரிசையாகச் சொன்னால் போதுமா?

பதில்: பதவிகளை மட்டும் அடுக்கினால் மூன்றாவது நிமிடத்திலேயே எல்லோரும் கைபேசியை எடுத்துவிடுவார்கள். 1940 ஏப்ரல் 9 விடியற்காலையிலிருந்து தொடங்குங்கள்.

அன்று ஜெர்மனி நார்வேக்குள் நுழைந்தது. ஓஸ்லோவை நோக்கி வந்த ப்ளூஹர் என்ற போர்க்கப்பலை ஆஸ்கார்ஸ்போர்க் கோட்டையின் பழைய பீரங்கிகளும் டார்பிடோக்களும் மூழ்கடித்தன. அதில் கிடைத்தது சில மணி நேரம்தான். நாடாளுமன்றத் தலைவராக இருந்த ஹாம்ப்ரோ அதை வீணாக்கவில்லை. காலை 7.23க்குத் தனி ரயில் ஒன்று மன்னர் ஏழாம் ஹாகோன், அமைச்சர்கள், நாடாளுமன்ற உறுப்பினர்களோடு வடக்கே ஹாமர் என்ற ஊருக்குக் கிளம்பியது. அங்கே கூடிய கூட்டமும் ஜெர்மன் படை நெருங்குகிறது என்ற செய்தி வந்ததும் பாதியில் கலைந்தது. அப்புறம் எல்வெரும் என்ற ஊர். அங்கே ஒரு பள்ளியில் இரவு மறுபடி கூடினார்கள். நாடாளுமன்றம் மீண்டும் கூடும்வரை நாட்டின் நலனைக் காக்கும் அதிகாரம் அரசுக்கு இருக்கட்டும் என்று ஹாம்ப்ரோ முன்மொழிந்தார். வாக்கெடுப்பு நடத்தவில்லை, மறுப்பு எழவில்லை என்று ஏற்கப்பட்டதாக அறிவித்தார். இது முறைப்படி செல்லுமா என்று பின்னால் நிறைய வாதம் நடந்தது. ஆனால் நாட்டைவிட்டு வெளியேறிய அரசு ஐந்து ஆண்டு இதை வைத்துத்தான் இயங்கியது. இந்த இடத்தில் நிதானமாக நில்லுங்கள், உங்கள் உரையின் உயிரே இதுதான்.

இதற்குப் பிறகு பின்னோக்கிப் போகலாம். 1885இல் பெர்கனில் பிறந்தவர். 1913இல் மோர்கன்பிளாடே நாளிதழின் ஆசிரியரானார். 1819இல் தொடங்கிய பழமைவாதப் பத்திரிகை அது. 1919 முதல் 1957 வரை ஹொய்ரே என்ற பழமைவாதக் கட்சியின் நாடாளுமன்ற உறுப்பினர். நாடாளுமன்றத் தலைவர் பதவி முதலில் 1926இல் வந்தது. அமைச்சராக ஒருநாளும் இருந்ததில்லை.

பத்திரிகையாளரா, அரசியல்வாதியா என்று கேட்டீர்கள். அந்தக் கால நார்வேயில் இவை இரண்டு தொழில்களே அல்ல. ஒவ்வொரு கட்சிக்கும் பத்திரிகை இருந்தது. ஆசிரியர் நாற்காலி கட்சியின் முன்வரிசை நாற்காலி. எதிர்முகாமில் மார்ட்டின் டிரான்மேலைப் பாருங்கள்: 1921 முதல் ஏறத்தாழ முப்பது ஆண்டு தொழிற்கட்சி நாளிதழின் ஆசிரியர், இடையில் நாடாளுமன்ற உறுப்பினர். இந்த இருவரும் நோபல் அமைதிப் பரிசுக் குழுவில் ஒன்றாக உட்கார்ந்திருந்தார்கள்! என் கணிப்பில், கையில் இருக்கும் தகவலை வைத்து அச்சுக்குப் போகும் நேரத்துக்குள் முடிவெடுத்துப் பழகிய ஆசிரியரைத்தான் அந்த ஏப்ரல் நாளில் பார்க்கிறோம்.

நேரம் மிஞ்சினால் 1946 ஏப்ரலில் ஜெனிவா. ஐ.நா.வுக்கு முன்னோடியான சர்வதேச சங்கம் தன்னைக் கலைத்துக்கொண்ட கடைசிப் பேரவைக்குத் தலைமை வகித்தவர் இவர்தான்.

தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். 1970இல் ஐ.நா. பொதுச்சபைத் தலைவரான எட்வர்ட் ஹாம்ப்ரோ இவருடைய மகன். இருவரின் படங்களும் குறிப்புகளும் கலந்தே வரும். முதற்பெயர் கார்ல் யோவாக்கிம்தானா என்று பார்த்துவிட்டு எடுங்கள்.