ஓய்வுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகள்

கேள்வி: முன்னாள் தளபதி கட்சியில் சேர்ந்தாலும், ஆளுநர் ஆனாலும், ஆயுதக் கம்பெனிக்கு ஆலோசகராகப் போனாலும் உங்களுக்குப் பொறுப்பதில்லை. நாற்பது வருடம் எல்லையில் நின்றவர் கடைசியில் வீட்டில் உட்கார்ந்து பேப்பர் படிக்க வேண்டுமா? நீதிபதிக்கு உள்ள உரிமை அவருக்குக் கிடையாதா?

பதில்: நீதிபதியைத் துணைக்கு அழைக்காதீர்கள், அங்கேயும் இதே வியாதிதான். நாற்பது வருடமும் எல்லையில் நின்றவர் யாரும் ஜெனரல் ஆனதில்லை. கர்னல் முதல் ஒவ்வொரு படியிலும் தேர்வுக் குழு உட்கார்ந்து பெரும்பாலோரைக் கழித்துவிடும். மேலே போகப் போக எல்லை தூரமாகும், அமைச்சர் அறை பக்கமாகும்.

அந்த உச்சியில் ஒரு வருடத்துக்கு என்ன மதிப்பு? தான் பிறந்தது 1950 அல்ல, 1951 என்று 2012-ல் உச்ச நீதிமன்றத்துக்கே போனார் பதவியில் இருந்த இந்தியத் தரைப்படைத் தளபதி வி.கே. சிங். 1951 என்று ஏற்றுக்கொண்டால் இன்னும் பத்து மாதம் பதவியில் இருந்திருப்பார். நீதிமன்றம் இடம் கொடுக்கவில்லை. மனுவைத் திரும்பப் பெற்று மே மாதம் ஓய்வு பெற்றார். மறு வருடம் செப்டம்பரில் ஹரியானாவின் ரேவாரியில் மோடியோடு ஒரே மேடையில். 2014-ல் காஜியாபாத் எம்.பி., இணையமைச்சர்; 2025-ல் மிசோரம் ஆளுநர். காங்கிரஸ் ஒன்றும் சளைத்ததல்ல. தளபதி ஜே.ஜே. சிங் 2007 செப்டம்பரில் ஓய்வு பெற்றார். 2008 ஜனவரியில் அருணாசலப் பிரதேசத்தில் ஆளுநர்.

இவர்கள் தவறு செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. ஓய்வுக்குப் பின் ஒருவர் எங்கே போகிறார் என்பதைவிட, ஓய்வுக்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் என்ன செய்கிறார் என்பதே என் கவலை. படைக்கு எப்படிப்பட்ட பீரங்கி வேண்டும் என்று முதலில் ஒரு தாளில் எழுதுவார்கள். எடை இவ்வளவு, பாய்ச்சல் இவ்வளவு, எவ்வளவு வெயிலிலும் குளிரிலும் சுட வேண்டும். டெண்டர் வருவதற்கு வெகு முன்பே எழுதும் தாள் அது. அதில் ஓர் எண்ணை மாற்றினால் ஒரு கம்பெனி உள்ளே, ஒரு கம்பெனி வெளியே. லஞ்சம் வேண்டாம், போன் வேண்டாம்; முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் இப்போது எந்தக் கம்பெனியில் இருக்கிறார் என்பது எழுதுகிறவருக்குத் தெரிந்தால் போதும். அமைச்சர் ஆசைப்படும் ஒன்றை 'இது நடக்காது ஐயா' என்று சொல்ல வேண்டிய கூட்டத்திலும் இதே கதைதான்.

இதற்கெல்லாம் விதி இல்லையா என்பீர்கள். இந்தியாவில் கர்னலும் அதற்கு மேலும் உள்ளவர்கள் ஓய்வு பெற்ற ஓராண்டுக்குள் தனியார் வேலைக்குப் போக அரசின் அனுமதி வாங்க வேண்டும். தேர்தல் சீட்டுக்கும் ஆளுநர் மாளிகைக்கும் அந்த ஓராண்டு கிடையாது! 2022-ல் இன்னொரு கதவும் திறந்தது: 62 வயதாகாத, ஓய்வு பெற்ற லெப்டினன்ட் ஜெனரல் அந்தஸ்து அதிகாரிகளும் முப்படைத் தலைமைத் தளபதி ஆகலாம் என்றார்கள். 2021-ல் ஓய்வு பெற்ற அனில் சவுகான் மறு வருடமே அந்தப் பதவிக்கு வந்தார். அவர் தகுதியில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஓய்வு பெற்றவரும் இனி காத்திருப்போர் பட்டியலில்தான், அவர் டி.வி.யில் பேசுவதையும் அந்தக் கணக்கோடுதான் கேட்க வேண்டியிருக்கிறது.

அமெரிக்காவில் சட்டமே உண்டு. சீருடையைக் கழற்றிப் பத்து ஆண்டு ஆகாதவர் பாதுகாப்பு அமைச்சராகக் கூடாது என்று 1947-ல் எழுதினார்கள்; 2008-ல் அது ஏழாயிற்று. 1950-ல் ஜெனரல் மார்ஷலுக்கு விலக்கு, 2017-ல் ஜெனரல் மாட்டிஸுக்கு விலக்கு, 2021-ல் ஜெனரல் ஆஸ்டினுக்கு விலக்கு. பின்னவர் இருவரும் ஓய்வுக்காலத்தில் ஆயுதக் கம்பெனிகளின் இயக்குநர் குழுவில் இருந்தவர்கள். ஒருவர் ஜெனரல் டைனமிக்ஸ், மற்றவர் ரேதியான். யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பது ஜெனரல்களுக்கும் பொருந்தும்.

'அப்படியானால் உமக்கு யாரைத்தான் பிடிக்கும்?' என்று அடுத்த கடிதம் எழுதுவதற்குள் சொல்லிவிடுகிறேன். 1990 முதல் 1993 வரை இந்தியக் கடற்படைத் தளபதியாக இருந்த ராம்தாஸ். ஓய்வுக்குப் பின் அணு ஆயுதத்தை எதிர்த்தார், பாகிஸ்தானோடு சமாதானம் பேச வேண்டும் என்றார், 2004-ல் மகசேசே விருது பெற்றார். அவர் பேச்சு எடுபட்டதும் பழைய பதவியின் பலத்தால்தான். ஆனால் அப்படிப் பேசுகிறவரை எந்த அரசும் ஆளுநராக்காது, எந்தக் கம்பெனியும் கூப்பிடாது.

நான் கேட்பது தடை அல்ல, பட்டியல். யார், எப்போது, எந்தக் கம்பெனிக்கு, எவ்வளவு சம்பளத்துக்குப் போனார் என்பதைப் பொதுவில் வையுங்கள். டி.வி. விவாதத்தில் பெயருக்குக் கீழே 'ஓய்வு' என்று போடும் இடத்தில் கம்பெனியின் பெயரையும் போடுங்கள். இதுகூட லேசில் நடக்காது. 2015-க்குப் பின் அமெரிக்கப் படைகளிலிருந்து ஓய்வு பெற்ற 500-க்கும் மேற்பட்டோர் வெளிநாட்டு அரசுகளிடம் வேலைக்குப் போன விவரத்தை வாஷிங்டன் போஸ்ட் 2022-ல் வெளியிட்டது. அனுமதி கொடுத்த அரசிடமிருந்து அந்தக் காகிதங்களைப் பெறவே பத்திரிகை வழக்குப் போட வேண்டியிருந்தது.