அமினோ சிலேன் சேர்த்தால் பூச்சு திரிகிறது. யூரிடோ சிலேன் உதவுமா?

கேள்வி: கண்ணாடிப் பாட்டில்களுக்கு அக்ரிலிக் எமல்ஷன் நிறப்பூச்சு செய்கிறேன். பிடிப்புக்காக அமினோ சிலேன் சேர்த்தால் பூச்சு கட்டிகட்டியாகிவிடுகிறது. சேர்க்காவிட்டால் தண்ணீரில் ஊறியதும் உரிகிறது. யூரிடோ சிலேன் நல்லது என்கிறார்கள். யூரியாவை வைத்து அதை நாமே தயாரிக்கலாமா?

பதில்: பால் எதனால் திரிகிறதோ, ஏறத்தாழ அதனால்தான் உங்கள் பூச்சும் திரிகிறது. எமல்ஷனில் பிசின் துகள்கள் பெரும்பாலும் எதிர்மின்னூட்டத்தால் ஒன்றையொன்று விலக்கி நிற்கின்றன. சிலேன் என்பது ஒரு முனையால் கண்ணாடியையும் மறுமுனையால் பிசினையும் பிடிக்கும் இணைப்புப் பொருள். அமினோ சிலேனின் அமீன் முனை நேர்மின்னூட்டம் ஏற்று அந்த விலகலைக் கெடுத்துவிடுகிறது. போதாததற்கு அது நல்ல காரம். தண்ணீரில் கலந்தால் பி.எச். 10-ஐ எட்டும்.

யூரிடோ சிலேனில் அந்த முனையில் யூரியாத் தொகுதி இருக்கிறது. அது ஏறக்குறைய நடுநிலையானது, மஞ்சளாவதும் குறைவு. கண்ணாடியைப் பிடிக்கும் மறுமுனை இரண்டிலும் ஒன்றுதான்: ஆல்காக்சித் தொகுதிகள் தண்ணீரில் உடைந்து, கண்ணாடிப் பரப்போடு சிலிக்கான்-ஆக்சிஜன் பிணைப்பாக மாறும். ஆகவே இது கூடுதல் பலமுள்ள சரக்கு அல்ல, சாதுவான சரக்கு. எபாக்சி பசை செய்பவர்கள் இதற்கு மாற வேண்டிய தேவையே பெரும்பாலும் இல்லை. பசையை இறுகவைக்கும் ஹார்டனர் பக்கம் அமினோ சிலேனே நன்றாக வேலை செய்யும்.

தயாரிப்புக்கு வருவோம். காகிதத்தில் எளிதுதான். அமினோபுரோபைல் ட்ரைஎத்தாக்சி சிலேன் 1 கிலோவுக்கு யூரியா சுமார் 270 கிராம் சேர்த்து, ஈரம் படாமல் 120-130 டிகிரியில் சூடாக்கினால் அமோனியா பிரிந்து யூரிடோ சிலேன் கிடைக்கும். ஆனால் அந்த ஒரு கிலோவுக்கே 100 லிட்டருக்கு மேல் அமோனியா வாயு வரும். அதை அமிலத்தில் உறிஞ்சிக்கொள்ள ஸ்க்ரப்பர் வேண்டும். யூரியாவில் ஈரம் இருந்தால் சிலேன் தனக்குள்ளேயே பிணைந்து ஜெல்லாகும்; சூடு மிஞ்சினால் பையூரெட் என்ற வேண்டாத துணைப்பொருள் உருவாகும். உரக்கடை யூரியாவை நினைக்கவே வேண்டாம். அது வேப்பெண்ணெய் பூசியது. மானிய உரத்தைத் தொழிலுக்குத் திருப்புவது குற்றமும்கூட. ஐசோசயனேட் சிலேனோடு அமீனைச் சேர்க்கும் இன்னொரு வழியில் அமோனியா வராது, ஆனால் ஐசோசயனேட் நுரையீரலுக்குப் பகை. என் கருத்து: வாங்கிவிடுங்கள்.

வாங்கும்போது லேபிளைப் பாருங்கள். பரவலாகக் கிடைப்பது மெத்தனாலில் 50 சதவீதக் கரைசல். 1 கிலோ சிலேன் வேண்டுமானால் 2 கிலோ வாங்க வேண்டும். மெத்தனால் விஷம், எளிதில் தீப்பற்றும். காற்றோட்டமான இடத்தில் திறங்கள், பூட்டி வையுங்கள். 2024 கள்ளக்குறிச்சி விஷச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை.

பிசினின் திடப்பொருள் எடையில் 0.5 முதல் 1 சதவீதம் சிலேன் போதும். அதைத் தண்ணீரில் நீர்த்து, கலக்கிக்கொண்டே சொட்டுச்சொட்டாக விடுங்கள். முதலில் 200 கிராம் பூச்சில் முயன்று, ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். அதிகம் போட்டால் அதிகம் ஒட்டும் என்பது இங்கே செல்லாது. தடித்த சிலேன் படலமே பலவீனமான அடுக்காகிவிடும்.

அப்புறம், பாட்டிலில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் எந்தச் சிலேனும் உதவாது. கழுவிக் காயவைத்துப் பூசி, கட்டம் கட்டமாகக் கீறி, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு டேப் ஒட்டி இழுங்கள். கண்ணாடி பளிச்சென்று தெரியும்படி உரிந்தால் கோளாறு கழுவலிலோ சிலேனிலோ இருக்கிறது. பூச்சே இரண்டு படலமாகப் பிளந்து, அடிப்படலம் கண்ணாடியிலேயே தங்கியிருந்தால் சிலேனை விட்டுவிட்டு எமல்ஷனை மாற்றிப் பாருங்கள்.