கேரவனை முதலில் வடக்கே திருப்புங்கள்

கேள்வி: நாங்கள் ஐந்து பேர், பள்ளிக்கூட நாளிலிருந்தே நண்பர்கள். எல்லோரும் தண்டையார்பேட்டை, காசிமேடு, புதுவண்ணாரப்பேட்டைப் பக்கம்தான். இந்த ஆண்டு இருவர் பணி ஓய்வு பெறுகிறார்கள். ஒரு கேரவனை வாடகைக்கு எடுத்துப் பத்துப் பன்னிரண்டு நாள் அவசரமே இல்லாமல் கடலோரமாகப் போய்வர ஆசை. திருவான்மியூரில் கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடித்து தனுஷ்கோடி வரை போவதாகத் திட்டம். காசிமேட்டு நண்பர் மட்டும் பழவேற்காட்டிலிருந்து தொடங்கலாம் என்று அடம்பிடிக்கிறார். வடக்கே புகையையும் கன்டெய்னர் லாரியையும் தவிரப் பார்க்க என்ன இருக்கிறது? எந்த மாதம் கிளம்பலாம்? — வாசகர், புதுவண்ணாரப்பேட்டை

பதில்: காசிமேட்டு நண்பர் சொல்வதைக் கேளுங்கள். அவர் அடம்பிடிக்கவில்லை, உங்கள் ஐந்து பேரில் வழி தெரிந்தவர் அவர்தான்.

'பார்க்க என்ன இருக்கிறது' என்று தெற்கே அடையாற்றுக்காரர் ஒருவர் கேட்டிருந்தால் இரண்டு வரியில் பதில் சொல்லி முடித்திருப்பேன். அந்தக் கரையில் வளர்ந்த நீங்கள் கேட்டதால்தான் மனசு கேட்கவில்லை. ஊரார் சொல்லிச் சொல்லி, நாமும் நம் கரையை அப்படியே பார்க்கப் பழகிவிட்டோம்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கருங்கல்லாகக் கொட்டிக் கிடக்கிறதே, அது எப்படி வந்தது என்று என்றாவது யோசித்தீர்களா? நம் கடலோரத்தில் மணல் ஓரிடத்தில் நிற்பதில்லை. ஆண்டின் பெரும்பகுதி அலை அதைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்திக்கொண்டே இருக்கிறது. 1870களின் நடுவில் சென்னைத் துறைமுகத்தைக் கட்டத் தொடங்கியபோது அந்த ஓட்டத்துக்குக் குறுக்கே சுவர் விழுந்தது. வந்த மணல் தெற்கே தேங்கியது. அதற்கு முன் அலை இன்றைய காமராஜர் சாலைக்கு வெகு அருகில் இருந்தது. மெரினாவின் அகலம் அப்படித் தேங்கிய மணலால் வந்தது. வடக்கே சேர வேண்டிய மணல் வராததால் கடல் கரையைத் தின்றது, மீனவர் தெருக்களும் அதோடு போயின. மிச்சத்தைக் காக்கத்தான் கல் கொட்டினார்கள். மெரினாவில் உட்கார்ந்து சுண்டல் சாப்பிட்ட ஒவ்வொரு முறையும் நீங்கள் உங்கள் ஊர் மணலில்தான் உட்கார்ந்திருந்தீர்கள். கடலோரப் பயணம் போகிறவர் முதலில் பார்க்க வேண்டியது இதுதான் என்பேன்.

அடுத்தது எண்ணூர். ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் ஓய்வெடுக்கப் போன இடம் அது. 1806இல் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டிய கால்வாய் பிறகு வடக்கேயும் தெற்கேயும் நீண்டது. 1877–78 தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு வந்த ஏழைகள் வெட்டிய பகுதியும் அதில் உண்டு. அப்போதைய கவர்னரின் பெயரால் அது பக்கிங்காம் கால்வாய் ஆயிற்று. விறகும் உப்பும் ஏற்றிய படகுகள் பேசின் பிரிட்ஜ் வரை வந்தன. காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள், இல்லாவிட்டால் கரையில் நடந்தபடி கயிற்றால் இழுப்பார்கள். சமையல், சாப்பாடு, தூக்கம் எல்லாம் படகிலேயே. நீங்கள் இன்று வாடகை கொடுத்துத் தேடும் நிதானமான பயணத்தை இந்தக் கரையில் படகுக்காரர்கள் பிழைப்பாகவே செய்திருக்கிறார்கள்.

இன்று அந்தக் கால்வாயைப் பார்த்தால் அழுகை வரும், மறைக்கவில்லை. கொசஸ்தலை ஆறு கடலைச் சேரும் முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருக்கிறது. 2017 ஜனவரியில் எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கரையேறியது, அதை மனிதர்கள் வாளியால் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மறுபடியும் எண்ணெய் வந்து முகத்துவாரத்தில் பரவியது. இத்தனைக்குப் பிறகும் அங்கே இடுப்பளவு நீரில் குனிந்து கையாலேயே இறால் தடவிப் பிடிக்கிறவர்கள் இருக்கிறார்கள். வண்டியை ஓரிடத்தில் பத்திரமாக விட்டுவிட்டு நடந்துபோய் அவர்களிடம் பேசுங்கள். போட்டோ எடுப்பதற்கு முன் பேசுங்கள்.

அங்கிருந்து மீஞ்சூர், பொன்னேரி வழியாகப் பழவேற்காடு. சென்னையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர்தான். தரங்கம்பாடியில் டேனிஷ்காரர்கள் 1620இல் கட்டிய கோட்டை உங்கள் திட்டத்தில் நிச்சயம் இருக்கும். அதற்கு ஏழு ஆண்டு முன்பே, 1613இல், டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் கோட்டை கட்டிவிட்டார்கள். ஆங்கிலேயர் சென்னைக்கு வருவதற்கு ஒரு தலைமுறை முந்தைய கதை இது. சோழமண்டலக் கரை முழுவதற்கும் டச்சுக்காரர்களின் தலைமையிடம் பழவேற்காடாகத்தான் இருந்தது. 1690இல்தான் அது நாகப்பட்டினத்துக்கு மாறியது. இங்கிருந்து துணி ஏற்றினார்கள். அடிமைகளாக விற்க மனிதர்களையும் ஏற்றினார்கள். கோட்டை இன்று இல்லை, கல்லறைத் தோட்டம் இருக்கிறது. நுழைவாயிலில் இரண்டு எலும்புக்கூடுகளைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். உள்ளே செதுக்கு வேலைப்பாடுள்ள கல்லறைகள். ஒரு மணி நேரம் அங்கே சும்மா உட்காருங்கள்.

பிறகு ஏரி. ஒடிசாவின் சிலிகா ஏரிக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திரத்தில், தென்முனை நம்மிடம். குளிர்காலத்தில் பூநாரைகள் கூட்டமாக வந்து நிற்கும். ஆனால் எனக்குப் பறவைகளைவிடவும் அங்கே பிடித்தது 'பாடு' முறை. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்பதை மீனவர்கள் தங்களுக்குள்ளேயே முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். நமக்கு வெறும் தண்ணீராகத் தெரிகிற ஒவ்வொரு துண்டுக்கும் உரிமைக்காரர் உண்டு.

கேரவனில் போகிறவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல வேண்டியதும் இதுவே. கடற்கரை என்றால் யாருமில்லாத இடம், எங்கே வேண்டுமானாலும் வண்டியை நிறுத்திக் கதவைத் திறக்கலாம் என்று எண்ணாதீர்கள். அது வலை உலர்த்தும் இடம், கருவாடு காயும் இடம், படகை இழுத்து ஏற்றும் பாதை. அலைக்கு எதிரே வண்டியை நிறுத்திப் படம் எடுத்தால் அழகாக இருக்கும், ஆனால் விடியற்காலை கடலுக்குப் போகிறவருக்கு அது வழிமறிப்பு. கழிவுநீர்த் தொட்டி விஷயம் இன்னும் முக்கியம். ஐந்து பேர் குளித்து, சமைத்து, கழிப்பறை போனால் தொட்டி சீக்கிரம் நிறைந்துவிடும். எங்கே காலி செய்வது என்று வண்டியை வாடகைக்குக் கொடுப்பவரிடம் கிளம்பும் முன்பே கேளுங்கள். 'வழியில் எங்காவது ஊற்றிக்கொள்ளலாம்' என்று சொன்னால் அந்த வண்டி வேண்டாம். அந்தக் கால்வாயில் இதுவரை ஊற்றியது போதும்.

ஏரியில் படகுச் சவாரி கேட்காதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று அங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள், சுற்றிப் பார்க்க வந்தவர்கள். யாராவது கூப்பிட்டாலும் ஏறாதீர்கள்.

தெற்குப் பயணத்தைக் கைவிடச் சொல்லவில்லை. முதல் மூன்று நாள் வடக்கே. பிறகு கோவளம், மாமல்லபுரம், மரக்காணம் என்று இறங்குங்கள். பக்கிங்காம் கால்வாய் மரக்காணம் வரை உங்கள் கூடவே வரும். எண்ணூரில் பார்த்த அதே கால்வாய்தான் என்று தெரிந்துகொண்டு பார்க்கும்போது அந்தச் சாலையே வேறு மாதிரி இருக்கும். தனுஷ்கோடியைத் தொடாமல் திரும்ப வேண்டியிருந்தாலும் பரவாயில்லை. பன்னிரண்டு நாளில் அவ்வளவு தூரம் ஓட்டினால் 'அவசரமே இல்லாமல்' என்று நீங்கள் எழுதியதற்கு அர்த்தம் இருக்காது.

மாதம்? பொங்கல் கழித்துக் கிளம்புங்கள். புயல் பயம் தணிந்திருக்கும், பறவைகள் இன்னும் இருக்கும். சித்திரை, வைகாசி வேண்டாம். வெயிலும் கொடுமை, ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலமும் வந்துவிடும். காசிமேட்டில் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும், விடியற்காலை ஏலத்தை அதன் முழுச் சத்தத்தோடு பார்க்க முடியாது. ஒரு வாரம் முன்பே காசிமேட்டு நண்பரைப் பொன்னேரிக்கு மின்சார ரயிலில் அனுப்புங்கள். அங்கிருந்து பஸ்ஸில் பழவேற்காடு போய், வண்டியை யாருக்கும் இடைஞ்சலில்லாமல் எங்கே நிறுத்தலாம் என்று ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுவரட்டும். கூட நீங்களும் போங்கள்.