தோசை முறுகவில்லை என்று கேட்டவருக்கு

ஹோட்டல் தோசை மாதிரி சிவக்கவில்லை, வெளுத்து மெத்தென்று வருகிறது, பரப்பும்போதே மாவு கரண்டியோடு சுருட்டிக்கொள்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நீங்கள் சொன்ன 3 பங்கு அரிசி, 1 பங்கு உளுந்து அளவு இட்லிக்கு ஏற்றது. தோசைக்கென்றே அரைக்கும்போது அரிசியை 4 பங்காக்கி, ஒரு கைப்பிடி கடலைப்பருப்பும் ஒரு டீஸ்பூன் வெந்தயமும் சேர்த்து ஊறவையுங்கள். நிறம் நன்றாக வரும்.

மாவு சுருட்டுவதற்குக் காரணம் கல்லின் சூடு. அதிகம் காய்ந்த கல்லில் ஊற்றிய உடனே அடி வெந்துவிடும், அப்புறம் எப்படிப் பரவும்? ஹோட்டலில் மாஸ்டர் தண்ணீர் தெளித்து, துடைப்பத்தால் தள்ளுவாரே, அது சூட்டைத் தணிக்கத்தான். எனக்கே இது புரிய ரொம்ப நாள் ஆனது. நீங்களும் தெளியுங்கள். 'சுர்'ரென்று அடங்கியதும் ஈரத்துணியால் துடைத்து, தீயைக் குறைத்து மாவை ஊற்றுங்கள். பரப்பிய பிறகு எண்ணெய் விட்டு, தீயைக் கொஞ்சம் கூட்டுங்கள். ஓரம் தானாக எழும்பும்வரை தோசைத் திருப்பியைத் தொடாதீர்கள். மூடி வேண்டவே வேண்டாம், ஆவி இறங்கினால் முறுகல் போய்விடும்.

ஃபிரிட்ஜ் மாவு என்றால் அரை மணி நேரம் வெளியே வைத்துவிட்டு ஊற்றுங்கள். முதல் தோசை சரியாக வராவிட்டாலும் விடாதீர்கள், இரண்டாவதைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.