பிளாஸ்டிக் மோல்டிங் மெட்டீரியல்: கேள்வி பதில்

பாலிகார்பனேட் கவரில் கேட்டிலிருந்து (உருகிய பிளாஸ்டிக் அச்சுக்குள் நுழையும் வாய்) வெள்ளிக் கோடுகள் விரிகின்றன. பிளாஸ்டிக்கை உருக்கும் பேரலின் சூட்டைக் குறைத்தும் போகவில்லை. என்ன செய்யலாம்?

முதலில் ட்ரையரைப் பாருங்கள். பாலிகார்பனேட்டில் ஈரம் 0.02 சதவீதத்துக்குக் கீழே இருக்க வேண்டும். அதற்கு 120 டிகிரியில் 3 முதல் 4 மணி நேரம் உலர்த்த வேண்டும். கோடாவது கண்ணுக்குத் தெரிகிறது. எனக்குப் பயம் தெரியாத சேதத்தில்தான். உருகிய பாலிகார்பனேட்டில் தண்ணீர் இருந்தால் பாலிமர் சங்கிலியே அறுந்துபோகும். கவர் பார்க்கப் பளபளப்பாக இருக்கும், கீழே விழுந்தால் உடையும். மறுபடி உலர்த்தினாலும் பழைய வலு வராது. அந்த ரன்னரை (அச்சுக்குப் போகும் வழியில் உறைந்து கவரோடு வரும் மிச்சத் துண்டு) தயவுசெய்து அரைத்துக் கலக்காதீர்கள்.

ட்ரையரில் 120 டிகிரிதான் காட்டுகிறது. இருந்தும் மழைக்காலத்தில் கோடு வருகிறதே?

உங்களுடையது சாதாரண ஹாட் ஏர் ட்ரையர் என்றால் வெளிக்காற்றைத்தான் இழுத்துச் சூடாக்குகிறது. நவம்பர் மாதச் சென்னைக் காற்றைச் சூடாக்கினால் அதிலுள்ள ஈரம் எங்கும் போய்விடாது. பாலிகார்பனேட்டுக்கு டிஹியூமிடிஃபையர் ட்ரையர் நல்லது. அதில் காற்றின் பனிநிலை (ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை; அது குறையக் குறையக் காற்று உலர்ந்தது) மைனஸ் 30, 40 டிகிரி வரை இறங்கும்.

அப்புறம் ஒரு கணக்கு. மெஷின் மணிக்கு 20 கிலோ தின்கிறது, உலர 4 மணி நேரம் வேண்டும் என்றால் ட்ரையர் ஹாப்பர் (பிளாஸ்டிக் குருணை நிரப்பும் தொட்டி) 80 கிலோ கொள்ள வேண்டும். 50 கிலோ ஹாப்பரில் ஓட்டினால் ஒவ்வொரு குருணைக்கும் இரண்டரை மணி நேரம்தான் கிடைக்கும். டிஸ்ப்ளே என்ன காட்டினாலும் சரி, மெட்டீரியல் பாதி ஈரத்தோடுதான் இறங்கும். உலர்ந்ததைத் திறந்த பக்கெட்டில் வைத்தாலும் திரும்ப ஈரத்தைக் குடித்துவிடும்.

பிபி-யையும் (பாலிப்ரொப்பிலீன்) உலர்த்த வேண்டுமா?

வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்சாது. மூட்டை மழையில் நனைந்திருந்தால் மேலே ஒட்டிய தண்ணீர் போனால் போதும். டால்க் என்ற கனிமத் தூள் கலந்த கிரேடு என்றால் மட்டும் உலர்த்துங்கள்.

நைலான் கிளிப் மோல்டு செய்த அன்றே மாட்டினால் உடைகிறது. சில நாள் கழித்து உடைவதில்லை. ஏன்?

நைலானுக்குக் கொஞ்சம் ஈரம்தான் வளையும் தன்மையைத் தருகிறது. மெஷினிலிருந்து வந்ததும் அது காய்ந்து விறைப்பாக இருக்கும். காற்றில் இருக்க இருக்க ஈரம் ஏறி வலுப்படும். அவசரம் என்றால் வெந்நீரில் ஊறவைக்கலாம். ஈரம் ஏறினால் அளவும் சற்றுக் கூடும், அதனால் எந்த நிலையில் அளந்தது என்று ரிப்போர்ட்டில் எழுதுங்கள். ஆனால் குருணையை மட்டும் நன்றாக உலர்த்தியே ஓட்ட வேண்டும். ஹாட் ஏரில் 80 டிகிரியைத் தாண்டாதீர்கள், மஞ்சளாகிவிடும்.

அசிட்டால் (பிஓஎம் பிளாஸ்டிக்) ஓடிய மெஷினில் அடுத்து பிவிசி போடலாமா?

கூடவே கூடாது. பிவிசி சிதைந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம் வரும், அது அசிட்டாலை வேகமாகச் சிதைத்து ஃபார்மால்டிஹைடை வெளியேற்றும். பேரலுக்குள் அழுத்தம் ஏறி முனையிலுள்ள நாஸில் வழியாகப் பீறிட்டு அடிக்கும். இரண்டுக்கும் தனித்தனி மெஷின் வைப்பதே பாதுகாப்பு. வேறு வழியே இல்லையென்றால் நடுவில் பாலிஎத்திலீன் விட்டு, பழைய மெட்டீரியல் துளியும் இல்லாமல் போகும்வரை பர்ஜ் செய்யுங்கள், அதாவது பேரலிலிருந்து வெளியே தள்ளுங்கள். அந்த நேரத்தில் நாஸிலுக்கு நேரே யாரும் நிற்க வேண்டாம்.