40 நோடுகள் உள்ள ஆர்எஸ்-485 லைனுக்கு விலை குறைந்த டிரான்ஸீவர் எது?

உங்கள் அமைப்பு இது: ஆர்எஸ்-485 (இரண்டு வயரில் பல கருவிகள் பேசும் முறை) லைனில் ஒரு மாஸ்டர், 40 நோடுகள் (லைனில் இணைந்த கருவிகள்), 3.3 வோல்ட்டில் ஓடும் மைக்ரோகன்ட்ரோலர், 200 மீட்டர் முறுக்கு வயர், வேகம் 19200 பாட். இதற்கு எங்கும் கிடைக்கிற நீல நிற மேக்ஸ்485 டிரான்ஸீவர் (லைனில் சிக்னலை அனுப்பி வாங்கும் ஐசி) மாட்யூலையே 41 வாங்கிவிடலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம். அந்த ஐசியில் குறை ஒன்றும் இல்லை, உங்கள் லைனுக்கு மூன்று இடத்தில் அது ஒத்துவராது, அவ்வளவுதான்.

முதலில் எண்ணிக்கை. ஆர்எஸ்-485 டிரைவர் ஒன்று 32 யூனிட் லோடு (ஒரு ஐசி லைனில் ஏற்றும் சுமையின் அளவு) வரை இழுக்க வேண்டும் என்பது விதி. ஒரு யூனிட் லோடு ஏறக்குறைய 12 கிலோஓம். மேக்ஸ்485, மேக்ஸ்3485, பழைய 75176 எல்லாமே ஆளுக்கு ஒரு முழு யூனிட் லோடு. மாஸ்டரோடு சேர்த்து உங்களுக்கு 41 ஆகிறது. மேஜையில் ஐந்தாறை இணைத்துப் பார்க்கும்போது எல்லாம் நன்றாகவே ஓடும், லைன் நிறைந்த பிறகுதான் தொல்லை தொடங்கும். 1/8 யூனிட் லோடு ஐசி போட்டால் 41 நோடும் சேர்ந்து ஐந்து யூனிட்டைச் சற்றே தாண்டும், கவலையே இல்லை.

அடுத்து வோல்டேஜ். மேக்ஸ்485-க்கு 5 வோல்ட் வேண்டும். 3.3-இலும் சிலது ஓடும், ஆனால் அதற்கு டேட்டாஷீட்டில் எந்த உத்தரவாதமும் இல்லை. 5 வோல்ட்டே கொடுத்தால் ஆர்ஓ (ரிசீவர் அவுட்புட்) பின்னில் 5 வோல்ட் வந்து மைக்ரோகன்ட்ரோலரைப் பதம் பார்க்கும். நோடுக்கு நோடு ரெசிஸ்டர் போட்டு அதைக் குறைப்பதைவிட 3.3 வோல்ட் ஐசி வாங்குவதே மலிவு.

மூன்றாவதுதான் பலரும் கவனிக்காதது: விளிம்பு ஏறும் வேகம், அதாவது சிக்னல் ஒரு நிலையிலிருந்து மறுநிலைக்கு மாறும் வேகம். மேக்ஸ்485-இன் சிக்னல் சுமார் 15 நானோசெகண்டில் ஏறிவிடும். நீங்கள் 19200-இல் அனுப்பினாலும் விளிம்பு அதே வேகம்தான். மெயின் லைனிலிருந்து நோடுக்குப் பிரியும் கிளை வயரில் சிக்னல் போகும் நேரம், விளிம்பு ஏறும் நேரத்தில் பத்தில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும். வயரில் சிக்னல் நானோசெகண்டுக்கு ஏறக்குறைய 20 செ.மீ. போகும். அப்படியானால் மேக்ஸ்485-க்குக் கிளை 30 செ.மீ. தான். 250 கிலோபிட்டுக்கு மட்டுப்படுத்திய மேக்ஸ்487-க்கு விளிம்பு குறைந்தது 250 நானோசெகண்ட், அதனால் கிளை 5 மீட்டர் வரை போகலாம். 10 மெகாபிட் என்று அட்டையில் போட்டிருப்பதைப் பார்த்து மயங்காதீர்கள். உங்களுக்கு மெதுவான ஐசிதான் நல்ல ஐசி.

ஆகவே என் தேர்வு எஸ்என்65ஹெச்விடி72: 3.3 வோல்ட், 250 கிலோபிட், 1/8 யூனிட் லோடு. 5 வோல்ட் போர்டாக இருந்தால் மேக்ஸ்487 (1/4 யூனிட் லோடு, 128 நோடு) அல்லது மேக்ஸ்3082. இவை எல்லாம் 75176-இன் அதே எட்டு பின் அமைப்பு, போர்டை மாற்ற வேண்டியதில்லை. 487 என்ற பெயரில் மலிவாக வந்ததை ஒருமுறை ஆஸிலோஸ்கோப்பில் பாருங்கள். விளிம்பு 15, 20 நானோசெகண்டில் ஏறினால் அது பெயர் மாற்றி அச்சிட்ட வேறு ஐசி.

மாட்யூல்தான் கையில் இருக்கிறது என்றால் இரண்டு ரெசிஸ்டரைக் கவனியுங்கள். ஒன்று, லைனின் இரு வயர்களான ஏ-பி இடையே உள்ள 120 ஓம். மேலே 121 என்று அச்சிட்டிருக்கும், ஒவ்வொரு போர்டிலும் இருக்கும். பத்து போர்டு சேர்ந்தாலே லைன் 12 ஓம் ஆகிவிடும், எந்த டிரைவரும் தாங்காது. லைனின் இரு முனைகளில் மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கழற்றுங்கள். இன்னொன்று, டிஇ பின்னை (டிரைவரை ஆன் செய்யும் பின்) சப்ளைக்கு இழுக்கும் 10 கிலோஓம். மைக்ரோகன்ட்ரோலர் ரீசெட்டில் இருக்கும்போது அதன் பின் மிதக்கும், அந்த 10 கிலோஓம் டிரைவரை ஆன் செய்துவிடும். ஒரே ஒரு நோடு ரீசெட்டில் மாட்டினால் மொத்த லைனும் ஊமையாகும். அதைக் கழற்றிவிட்டு டிஇ-யிலிருந்து கிரவுண்டுக்கு 10 கிலோஓம் போடுங்கள். கழற்றாமல் கூடுதலாகப் போட்டால் பாதி வோல்டேஜ் நின்று, டிரைவர் ஆனாகவே இருக்கும்.

யாருமே பேசாத நேரத்தில் லைன் எந்த நிலையில் நிற்கும் என்பதையும் பாருங்கள். பழைய ரிசீவர்களுக்கு ஏ, பி-யைவிட 200 மில்லிவோல்ட் மேலே இருந்தால்தான் நிச்சயமான 1, இல்லையென்றால் குப்பை பைட்டுகள் வரும். 5 வோல்ட்டில் ஏ-யை மேலேயும் பி-யைக் கீழேயும் 680 ஓமால் இழுத்தால், இரு 120 ஓம் முடிவோடு சுமார் 211 மில்லிவோல்ட் கிடைக்கும். 3.3 வோல்ட் என்றால் 390 ஓம், 236 மில்லிவோல்ட். ஒரே இடத்தில், மாஸ்டர் பக்கம் மட்டும் போதும். ஹெச்விடி72, மேக்ஸ்3082 போன்றவற்றில் ரிசீவரின் வரம்பே பூஜ்யத்துக்குக் கீழே இருப்பதால் இந்த வேலை மிச்சம்.

டைரக்ஷன் பின்னே (டிஇ) வேண்டாம் என்றால், வண்டிகளில் வரும் கேன் லைனுக்கான டிரான்ஸீவரையும் மைக்ரோகன்ட்ரோலரின் யூஆர்டியில் (சீரியல் போர்ட்) நேரடியாக இணைக்கலாம். மலிவு, மோதல் வந்தாலும் ஐசி போகாது. ஆனால் டிஜேஏ1050 என்ற கேன் ஐசியில் டாமினன்ட் நிலை (0 அனுப்பும் நிலை) 250 மைக்ரோசெகண்டைத் தாண்டினாலே டிரைவர் அணைந்துவிடக்கூடும். பூஜ்ய பைட் ஒன்றில் ஒன்பது பிட் தொடர்ந்து தாழ்வாக இருக்கும், 19200-இல் அது 469 மைக்ரோசெகண்ட். எம்சிபி2551 என்ற இன்னொரு கேன் ஐசியில் இந்த வரம்பு குறைந்தது 1.25 மில்லிசெகண்ட், அதனால் அது ஓடும். 5 வோல்ட் ஐசி என்பதை மறக்காதீர்கள்.

வெளியே வயர் ஓடினால் ஒவ்வொரு நோடிலும் எஸ்எம்712 டிவிஎஸ் (திடீர் வோல்டேஜ் எகிறலைத் தடுக்கும் டயோடு) ஒன்று போடுங்கள். மூன்றாவது வயராகக் கிரவுண்டும் போக வேண்டும், இரண்டு வயர் போதும் என்று சொல்பவர்களைக் கேட்காதீர்கள். டிஇ-யை இறக்குவது கடைசி பைட் முழுதாக வெளியேறிய பிறகுதான், பஃபர் காலியானதும் அல்ல.

எல்லாம் இணைத்ததும் பவரை நிறுத்தி, ஒரு முனையில் ஏ-பி இடையே மல்டிமீட்டர் வையுங்கள். வயரின் சொந்த ரெசிஸ்டன்ஸோடு 60-க்குச் சற்று மேலே காட்ட வேண்டும். 120 காட்டினால் மறுமுனையில் ரெசிஸ்டர் இல்லை அல்லது வயர் எங்கோ அறுந்திருக்கிறது. 50-ஐ ஒட்டியோ கீழேயோ வந்தால் ஏதோ ஒரு மாட்யூலில் அந்த 121-ஐக் கழற்றாமல் விட்டிருக்கிறீர்கள்.